கோயமுத்தூர் பாசஞ்சர் வராத காலை

பாலக்காட்டுக்குப் போக வடகரப்பதியிலிருந்து வந்து இந்தச் சின்ன ஸ்டேஷனில் காத்திருக்கிறேன். கோயமுத்தூரிலிருந்து வரும் பாசஞ்சரில் என் மகள் இருக்கிறாள். நானும் இங்கே ஏறி அவளோடு சேர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்து பெஞ்சில் ஒரு தையல்காரரும் அவர் கூட்டாளியும். எஞ்சின் பார்ப்பதற்கென்றே தினமும் வருகிறவர்களாம். நம்பரெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வருகிறார். வண்டி தடம் புரண்டுவிட்டது, எஞ்சினும் முதல் பெட்டியும் சாய்ந்து கிடக்கின்றன, வேறு தகவல் இல்லை என்கிறார்.

“நம்ம கரி எஞ்சினுங்களா? எத்தனை ஏத்தம் ஏறுனது” என்று தையல்காரர் தலையில் கை வைக்கிறார்.

“எஞ்சினுக்கு அழுகறீங்க தம்பி. அதுல எம்பட மக வர்றா.”

அவர் முகம் சுண்டிப்போகிறது. நோட்டை அவசரமாகப் புரட்டுகிறார். “பொம்பளைங்க பெட்டி எப்பவும் கடைசிதானுங்கம்மா. பயப்படாதீங்க.”

தலையாட்டுகிறேன். இங்கே பிளாட்பாரம் நீளம் கம்மி. வயசானவள் நான் ஏறுவதற்கு வாகாக நிற்பது முதல் பெட்டிதான். அதிலேயே உட்கார்ந்து வரச் சொல்லி, ஆள் வைத்து எழுதி, மகளுக்குக் கார்டு போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊட்டில் என் பேச்சை யாரும் தட்டியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றைக்கு அவள் தட்டியிருக்கட்டும்.