கிளெம்மின் தனி ஃபிளாஸ்க்

பெப்பர்மின்ட் மிட்டாய் சப்புகிற ஆளை நான் நம்புவதில்லை. குடி நாற்றத்தை மறைக்க நானே எத்தனையோ வருடம் சப்பியிருக்கிறேன். அதனால் கிளெம் ட்ரெலோர் ஒரு நாள் வாயில் அந்த வாசனையோடு வந்து நின்றபோது எனக்குச் சுருக்கென்றது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் மீன்பிடி ஊரான எங்கள் போர்ட் லிங்கனில் கிளெம்மைத் தெரியாதவர்கள் குறைவு. சூரை மீன் படகுகளில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். ஒரு காலத்தில் குடித்துவிட்டு முதலாளியின் படகைப் பட்டப்பகலில் மணல்திட்டில் ஏற்றினார். அந்த வாரமே மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு அடிலெய்டுக்குப் போய்விட்டாள். அப்போதும் புத்தி வரவில்லை. இன்னும் சில வருடம் குடித்துக் கெட்ட பிறகுதான் விட்டார். விட்டதிலிருந்து அவருக்குக் கையும் வாயும் சும்மா இருக்காது. தினமும் காலையில் படகு இறக்கும் துறையில், தூண்டில் இரை விற்கும் கடைக்கு முன்னால் இருக்கும் பெஞ்சுதான் எங்கள் இடம். கடைக்காரரின் கெட்டிலில் தேநீர் போட்டு எங்கள் இருவருக்கும் கிளெம்தான் ஊற்றுவார். ஒருத்தி நான், நோலீன், மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிறவள். இன்னொருவன் ஆன்டே. குரோவேஷியக்காரன், வலை தைக்கிறவன். அவன் குடியை விட்டு ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

எங்கள் பேச்சில் குடி வராது. வேறு எல்லாம் வரும்.

“அது போன வருஷம் வந்த அதே பெலிக்கன்தான்” என்பார் கிளெம். “மூஞ்சியப் பாரு, என் பழைய முதலாளி மாதிரியே இருக்கு.”

“உனக்கு எல்லாப் பெலிக்கனும் முதலாளிதான், பெருசு” என்பான் ஆன்டே.

“நீ பேசாதடா. நேத்து நீ குடுத்த முட்டைக்கோஸ் சுருள என் நாய்க்குப் போட்டேன், அதுலேர்ந்து அது என்னை மதிக்கவே மாட்டேங்குது.”

“நாய்க்கு எதுக்குப் போட்ட? எங்கம்மா கைப்பக்குவம் அது.”

“உங்கம்மா இங்க இல்லியே. நீதானே சமைச்ச.”

இந்த வெட்டிப் பேச்சை வைத்துக்கொண்டுதான் மூன்று பேரும் அன்றன்றைய பொழுதைத் தாண்டினோம். கட்டுப்பாடு என்று ஒன்றே ஒன்று உண்டு. குடித்தாயா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. குடித்தவர் தானாகச் சொல்ல வேண்டும். கேட்டால் பொய்தான் வரும். அந்தப் பொய்யில் நாங்கள் மூவருமே கைதேர்ந்தவர்கள்.

மிட்டாயோடு நிற்கவில்லை. கிளெம் தாமதமாக வர ஆரம்பித்தார். பெஞ்சின் கடைசியில், காற்று எங்கள் பக்கம் அடிக்காத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தார். பேச்சு குறைந்துபோனது. பேசின கொஞ்சமும் குழறியது. பேசும்போது கை வாய்ப்பக்கம் போனது. அப்புறம் ஒரு நாள் சொந்தமாக ஒரு ஃபிளாஸ்க் கொண்டுவந்தார். எங்களுக்குத் தேநீரை ஊற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதிலிருந்து மடக் மடக்கென்று குடித்தார். இந்த வேலையெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொன்றையும் நானே செய்திருக்கிறேன்.

கிளெம் இரைக்கடைக்குள் போயிருந்த ஒரு காலை ஆன்டே என் பக்கம் நகர்ந்து வந்தான்.

“நோலீன், நீயும் பாத்தியா?”

“எதை?”

“நடிக்காத. பெருசு மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. அவரே விழுந்துட்டா நான் எந்த மூலைக்கு?”

“உளறாத. வலையத் தை போ.”

அவனை விரட்டிவிட்டேனே தவிர, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளெம் ஊற்றும் தேநீரைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பயல் நின்றுகொண்டிருந்தான். நான் மட்டும் வேறு எதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்?

மறுநாள் காலை ஆன்டே இன்னும் வரவில்லை. படகு இறக்கும் சரிவில் ஒருத்தருடைய படகு வண்டி தண்ணீர்ப் பக்கம் சறுக்கியது. கிளெம் தள்ளிவிட ஓடினார். ஃபிளாஸ்க் பெஞ்சிலேயே இருந்தது.

நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். மோந்து பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும், ஆன்டேயைக் காப்பாற்றலாம். மூடியைத் திருகினேன். மூக்குவரைக்கும் கொண்டுபோகவில்லை. நேராக வாயில் கவிழ்த்தேன்.

பூசணிக்காய் சூப். ஆறிப்போயிருந்தது.

நிமிர்ந்தால் எதிரே கிளெம், கால்சட்டை முழங்கால்வரை நனைந்து நின்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. வாயைத் திறந்து, மேல் வரிசையை விரலால் தட்டிக் காட்டினார். பளீரென்று புதுப் பற்கள், தட்டியதும் ஆடின.

“கட்டுப் பல்லு. மேல ஒண்ணு விடாம பல் டாக்டர் புடுங்கிட்டான். கடிக்க முடியல. பேசினா வழுக்குது. ஒட்டுறதுக்கு ஒரு பசை குடுத்தான், அது நாறுது. அதான் மிட்டாய்.”

“சொல்லித் தொலைச்சா என்ன?”

“ஆன்டே வாய்க்குப் பயந்துதான். பல்லு செட்டாகட்டும்னு பாத்தேன்.” ஃபிளாஸ்க்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். “நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னும் தெரியும். கொஞ்சம் வலிச்சுது. ஆனா கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தானே.”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் சிரிக்கவும் பார்த்தேன். கிளெம் சிரிக்கவில்லை. மூடியை இறுக்கியபடி என்னையே பார்த்தார்.

“நோலீன், மோந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே.”

சூப் நாக்கில் பட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். கடைசி மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தைக்கு வருமே, அப்படி அழுகை முட்டியது. அத்தனை நாளும் நான் கிளெம்மையா வேவு பார்த்தேன்? அவர் குடித்திருக்க வேண்டும் என்று உள்ளே ஒருத்தி வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் குடித்தால் நானும் குடிக்கலாம்.

கிளெம் என் குவளையை எடுத்துத் தேநீர் ஊற்றி, இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கையில் கொடுத்தார். பெஞ்சின் கடைசியில் போய் உட்காராமல் என்னை ஒட்டி உட்கார்ந்தார். பசை நாற்றம் நன்றாகவே அடித்தது.

அப்போதுதான் ஆன்டே வந்தான். “என்ன, இன்னும் ஆலைக்குப் போகலியா? சங்கு ஊதிட்டான்.”

“அவ இன்னிக்கு எங்கயும் போகல” என்றார் கிளெம். “நீயும் உக்காருடா.”

ஆன்டே கிளெம்மைப் பார்த்தான், ஃபிளாஸ்க்கைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இத்தனை நாளாக நாங்கள் இருவரும் கிளெம்மைப் பார்த்த பார்வை. இப்போது அது என் மேல் வந்து நின்றது. அவன் கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டான்.

குவளையைக் கீழே வைத்துவிட்டு நானே சொன்னேன்: “இன்னும் குடிக்கல, ஆனா இந்த ஃபிளாஸ்க்ல சாராயம் இருக்கும்னு நெனச்சுத்தான் வாயில கவுத்தேன்.”