யூன்ஷி குடித்த கிண்ணம்

யூன்ஷி முதல் தடவை செத்தது பன்னிரண்டாம் மாதம் ஒன்பதாம் தேதி, நல்ல வெயிலில். ஹுய் அரசியின் கருவைக் கலைத்த பாதகி என்று ஒருவன் உரக்க வாசித்தான். முற்றத்துக் கல்மேல் அவளைக் குப்புறக் கிடத்தி மூங்கில் பலகையால் அடித்தார்கள். அன்று காலையிலேயே மேற்கு வாசல் காவலன் கெங் பாவின் தலை போயிருந்தது. மருந்தில் கலக்க, கருவைக் கலைக்கும் சிவப்புப் பூவை வெளியிலிருந்து கொண்டுவந்தவன் அவன்தான் என்று தீர்ப்பு. இருவரும் எதுவும் செய்யவில்லை. சாகும்போது அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: என்னால்தான் அவன் போனான்.

கண்ணைத் திறந்தபோது எதிரே மருந்துச் சட்டி பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"அடியே தூங்குமூஞ்சி! சட்டியப் பாரு!" மருந்தறையில் அவளோடு வேலை செய்யும் சாவ்பிங் விசிறியால் அவள் தலையில் தட்டினாள். "வெளிய போக இன்னும் ஒரு வருஷம் கெடக்கு. அதுக்குள்ள மனசு மேக்கு வாசல்ல போய் உக்காந்துடுச்சா?"

"இன்னிக்கு என்ன தேதி?"

"பதினோராம் மாசம் இருபத்தெட்டு. ஏன், கல்யாணத்துக்கு நாள் பாக்கறியா?"

யூன்ஷி கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினாள். தோல் முழுசாக இருந்தது. அவள் அழுத அழுகையைப் பார்த்துச் சாவ்பிங் பயந்தே போனாள்.

பத்து நாள் கையில் இருந்தது. அரண்மனைப் பணிப்பெண்கள் இருபத்தைந்து வயதில் விடுதலையாகி வீட்டுக்குப் போகலாம். யூன்ஷிக்கு இருபத்துநாலு. கெங் பாவ் அவளுக்காக ஆறு வருடமாகக் காத்திருந்தான். யாரோ மருந்தில் கை வைக்கப்போகிறார்கள், அந்தக் கையைப் பிடித்துவிட்டால் போதும் என்று முதலில் நம்பினாள். சட்டியை விட்டு நகரவில்லை. சோற்றைக்கூட அடுப்படியிலேயே தின்றாள். ஒவ்வொரு கிண்ணத்தையும் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மனசு பொறுக்காமல் அரசியின் முன்னால் மண்டியிட்டாள். "அம்மா, மருந்துல யாராவது எதையாவது கலந்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. எட்டாந்தேதி மட்டும் குடிக்காதீங்க."

ஹுய் அரசி தலைமுடியில் கொண்டை ஊசியைச் செருகிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "எட்டாந்தேதின்னு யாரு சொன்னா?"

"கெட்ட கனவு கண்டேன்மா."

"பைத்தியக்காரி." அரசி சிரித்து அவள் கன்னத்தைத் தட்டினாள். "ரொம்ப வேல செய்யற. மத்தியானம் வாசலுக்குப் போய் உன் ஆளப் பாத்துட்டு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

முன்பிறவியிலும் அரசி இப்படித்தான் அனுப்பிவைப்பாள். எவ்வளவு நல்ல மனசு என்று யூன்ஷி உருகியிருக்கிறாள்.

அன்று மத்தியானம் அவள் வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. மேல்சால்வையை மறந்துவிட்டோம் என்று பாதி வழியில் திரும்பினாள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் கருகும் துணியின் வாடை. எட்டிப் பார்த்தாள். ஹுய் அரசி தன் கையாலேயே கணப்பில் துணிகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள். மாதவிலக்குத் துணிகள். நான்கு மாதக் கர்ப்பிணி.

யூன்ஷி திரையை விட்டுப் பின்வாங்கினாள். அந்த வயிற்றில் குழந்தையே இல்லை. இல்லாத குழந்தை என்றைக்காவது கலைந்துதான் ஆகவேண்டும், கலைத்த பழி யார்மேலாவது விழவேண்டும். கெங் பாவின் அக்கா பட்டத்து ராணியின் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். மருந்து காய்ச்சும் பெண், அவளைக் காதலிக்கும் காவலன், அவன் அக்கா, அக்காவின் எஜமானி, ஹுய் அரசி கவிழ்க்க நினைக்கும் பட்டத்து ராணி. சங்கிலி ஒழுங்காகக் கோத்திருந்தது. வாசலுக்கு அனுப்பிய அன்பெல்லாம் சாட்சி சேர்ப்பதற்காக.

யாரிடம் போய்ச் சொல்வது? அரசிமேல் வாய் திறக்கும் பணிப்பெண்ணின் நாக்கை முதலில் அறுப்பார்கள், அப்புறம்தான் கேள்வி. துணியும் சாம்பலாகிவிட்டது.

மறுநாள் கெங் பாவிடம் ஓடினாள். "எங்கயாவது போயிடு. இன்னிக்கே."

"வேற எவனாவது கெடச்சானா?" அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "காவல விட்டு ஓடினா நாலு ஊருக்குள்ள புடிச்சுத் தலைய எடுப்பானுங்க. உனக்கு என்ன ஆச்சு? கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?" அவள் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து ஊதினான்.

ஓடினால் சாவான். இருந்தாலும் சாவான். அவனைத் துரத்த வேண்டுமென்றால் சட்டமே துரத்த வேண்டும். இரண்டு நாள் இதையே யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் தேதி காலை, காவலர்கள் முறை மாறும் நேரத்தில், ஒரு மதுக்குடுவையைக் கெங் பாவ் உட்காரும் பலகைக்கு அடியில் செருகினாள். அங்கிருந்து நேராகக் காவல் தலைவனிடம் போய், அவன் காவலில் குடிக்கிறான் என்று சொன்னாள்.

நாற்பது அடி. வடக்கு எல்லைக் கோட்டையில் பணி, திரும்பி வர அனுமதி கிடையாது. இரண்டு பேர் தோளில் தாங்கி அவனை இழுத்துப்போகும்போது அவள் வழியில் நின்றாள். நிற்காமல் இருந்திருக்கலாம்.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"ஏன் யூன்ஷி?"

"தெனம் வாசல்ல நின்னு பல்லக் காட்டிட்டு இருந்த. சலிச்சுப்போச்சு."

அவன் அவளையே பார்த்தான். அப்புறம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நல்லா இரு தாயே."

எட்டாம் தேதி வந்தது. பேரரசர் ஹுய் அரசியோடு பண்டிகைக் கஞ்சி சாப்பிட வருவதாக இருந்தது. யூன்ஷி கஞ்சிக்குப் பேரீச்சம்பழம் எடுத்துவர உக்கிராணத்துக்கு அனுப்பப்பட்டாள். திரும்பிவந்து சட்டியைத் திறந்தால் வாடை மாறியிருந்தது. வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"கொண்டா," என்று அரசி கை நீட்டினாள்.

"சூடு பாத்துட்டுத் தரேன்மா." யூன்ஷி கிண்ணத்தை வாயில் வைத்தாள். எடுக்கவேயில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தைத் தட்டில் வைத்தாள்.

ஹுய் அரசியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கத்த முடியாது. மருந்தில் விஷம் என்று இப்போது கத்தினால் அரண்மனை வைத்தியர்கள் எல்லோரும் ஓடிவந்து அரசியின் நாடியைப் பிடிப்பார்கள். குழந்தை இல்லாத நாடியை.

"எவ்வளவு திமிரு," என்றாள் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "சலவை முற்றத்துக்குத் தள்ளுங்க இவள. சாகறவரைக்கும் அங்கயே கெடக்கட்டும்."

யூன்ஷிக்கு ஐந்து நாள் உதிரம் நிற்கவில்லை. சலவை முற்றத்து மேற்பார்வைக்காரி பாங்கம்மா வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்தாள். "செத்துத் தொலைஞ்சுடாதடி, எனக்கு ஆள் கம்மி," என்று திட்டிக்கொண்டே இஞ்சித் தண்ணீர் புகட்டினாள். அந்த ஐந்து நாளும் யூன்ஷி வலியோடு சந்தோஷமாகத்தான் இருந்தாள். எட்டாம் தேதி கடந்துவிட்டது. ஒன்பதும் கடந்துவிட்டது. யாரும் சாகவில்லை.

பத்தொன்பதாம் தேதி, கை விறைக்கும் தண்ணீரில் போர்வை அலசிக்கொண்டிருந்தபோது, குடம் தூக்கி வந்தவள் சொன்னாள்: "தெரியுமா? ஹுய் அரசிக்குக் கரு கலைஞ்சுடுச்சாம். மருந்து காய்ச்சறவ ஏதோ கலந்துட்டாளாம். சாவ்பிங்காம் பேரு."

யூன்ஷி தன்னைக் காப்பாற்றினாள், அவனைக் காப்பாற்றினாள். தான் விட்டுவந்த அடுப்பின் முன்னால் வேறொருத்தி உட்காருவாள் என்பதை மட்டும் அவள் நினைக்கவேயில்லை.

ஈரக் காலோடு ஓடினாள். தான் செத்த அதே முற்றத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது சாவ்பிங்குக்கு அடி பாதியில் இருந்தது. "அவ இல்ல! அந்த வயித்துல கொழந்தையே இல்ல! அத்தனையும் பொய்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பின்னாலேயே ஓடிவந்த பாங்கம்மா அவள் வாயில் ஈரத்துணியைத் திணித்து, எல்லோர் முன்னாலும் மாறி மாறி அறைந்தாள். "பைத்தியம்ங்க இது! ரத்தப்போக்கு வந்து மூளை கலங்கிப்போச்சு, மன்னிக்கணும்!" பைத்தியம் என்ற ஒரு சொல்லால் யூன்ஷி உயிரோடு இழுத்துவரப்பட்டாள். சாவ்பிங் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாளா இல்லையா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாவ்பிங்கின் பஞ்சு வைத்துத் தைத்த மேல்சட்டை ரத்தத்தோடு சலவைக்கு வந்தது. நல்ல துணி, இன்னொருத்திக்கு ஆகும். பாங்கம்மா அதை யூன்ஷியிடம் தராமல் வேறு பக்கம் வைத்தாள். யூன்ஷி போய் எடுத்துக்கொண்டாள். உப்புப்போட்ட பச்சைத் தண்ணீரில் அன்று முழுதும் அதைத்தான் கசக்கினாள்.

ஹுய் அரசி பதவி உயர்ந்தாள். பட்டத்து ராணிமேல் பழி ஒட்டவில்லை, நடுவில் கோக்கக் கெங் பாவ் இல்லை. இருபத்தைந்து வயது வந்தது, யூன்ஷியை யாரும் வெளியே அனுப்பவில்லை. இன்னொரு தடவை செத்தால் இன்னொரு தடவை விழிக்கலாமோ என்று கிணற்றடியில் நின்றிருக்கிறாள். விழிக்காமல் போனாலும் பயம், விழித்தால் அடுத்து யார் போவார்களோ என்றும் பயம்.

நான்கு வருடம் கழித்துக் கெங் பாவின் அக்கா சமையற்கட்டுத் துணிகளோடு சலவை முற்றத்துக்கு வந்தாள். யூன்ஷியைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். யூன்ஷி வெட்கத்தை விட்டுப் பின்னாலேயே போனாள்.

"அக்கா, அவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கான். ஒரு கால் விளங்கல. அங்கயே ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டான். போன மாசம் பொம்பளப் புள்ள."

"பேர் என்ன வச்சிருக்காங்க?"

"உனக்கெதுக்குடி அது?" என்றாள் அக்கா. துணி மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

யூன்ஷி மூட்டையைப் பிரித்தாள்.