ஐந்தாவது ஆள் வராத அறை

அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் வருவது பழைய ஏர்கோன் வாசம். ஈரச் சாக்கை மடித்து வைத்த மாதிரி... அதற்கு மேல் பால் சேர்க்காத கோப்பி ஓ வாசம்.

மலேசியாவின் பேராக்கில் நாங்கள் பாடம் நடத்திய வளாகத்தில், ஓய்வுபெற்ற விரிவுரையாளர்களுக்கென்று ஒதுக்கிய அறை அது. எழுத நாலு மேசை, கூடிப் பேச ஒரு வட்ட மேசை. நண்பர்களே, உலக நாடுகள் கூடுகிற சபையெல்லாம் அதற்கு முன்னால் வெறும் மீன் பசார்! கோப்பிக்குச் சீனி கூடவா குறைச்சலா என்ற ஒரே விவாதத்தில் நாங்கள் மூன்று பேரரசுகளைக் கவிழ்த்திருப்போம்.

தலைவர் சிவபாலன் அண்ணன். நிர்வாகவியல் சொல்லிக்கொடுத்தவர். அந்த அறைக்கும் ஒரு சட்டம் எழுதினார்: ஐந்து பேர் நேரில் இல்லாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. பிஸ்கட் வாங்கக்கூட!

அண்ணி தவறிய பிறகு அவருக்குப் போக்கிடம் அந்த அறை ஒன்றுதான். காவல்கார ஜாகா கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார்.

ஒருநாள் அலுவலகப் பெண் வந்தார். அறையை வேறு வேலைக்குக் கேட்கிறார்களாம். அது எங்களுக்கே வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருமாக முடிவெடுத்துச் சொல்லவேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை நான்கு பேர்தான் வந்தோம். மற்றவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய்விட்டார்கள். பாதிப் பேர் ஒரேயடியாக மேலே. மிச்சம் மரியதாஸ். ஆயர் தாவார் எஸ்டேட்டில் பிறந்து, புவியியல் படித்து, உலகப் படத்தையே விழுங்கி ஏப்பம் விட்டவன். அன்றைக்கு ஈப்போவில் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தான். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணே, நான் இருக்கேன்லா! கை தூக்கிட்டேன்! ஒரு கைதான்... இன்னொன்னுல ஊசி!"

சிரித்தோம். சிவபாலன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"நேர்ல இல்லாத ஆள எண்ண முடியாது."

"சட்டத்த எழுதினதே நீங்கதானே? மாத்துங்கண்ணே!" என்றேன்.

"மாத்தவும் அஞ்சு பேரு வேணும்லா."

"அப்ப நான் நேரா போயி, ரூம் வேணும்னு சொல்லிட்டு வாரேன். யாரு வந்து தலைய எண்ணப் போறா?"

"இத்தன வருஷமா பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிக்கொடுத்தேன், தம்பி. இன்னிக்கு எனக்கு வேணும்னு வளைக்கவா?"

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

திங்கட்கிழமை கதவில் புதுப் பூட்டு.

மரியதாஸ் அந்த வருஷக் கடைசியில் போய்விட்டான்...

இப்போது புதன்கிழமைதோறும் நானும் அண்ணனும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்காருகிறோம். கோப்பி என்னவோ அந்த அறைக் கோப்பியைவிடத் தேவாமிர்தம். அந்த அறையில் பேச முறை கிடைக்காமல் அடித்துக்கொண்டோம். இன்றைக்கு இரண்டு பேரும் கடை டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் நல்ல மழை. நனைந்து, நொண்டிக்கொண்டே வந்தார்.

"முட்டி வலியோட ஏண்ணே வாரீங்க? வீட்டுல இருக்கலாம்ல?"

பக்கத்து மேசையின் காலி நாற்காலிகளை ஒருமுறை பார்த்தார். கோப்பியைக் கலக்கினார்.

"அன்னிக்குக் கூட்டத்த ஒத்திதானே வச்சோம்... இன்னும் முடிக்கலலா."