கடைசி வீட்டிலிருந்து தொடங்கியவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஜன்னல் வழியாக ஒரு கார்டை நீட்டினார். அதன் ஒரு மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. தனபாக்கியம் டீச்சரின் கணவர் எழுதியிருந்தார். பத்து நாள் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உயிர் பிரிந்துவிட்டது, அன்றே எல்லாம் முடிந்தது, ஆள் அனுப்பிச் சொல்ல முடியாததற்கு மன்னிக்க வேண்டும் என்று நான்கே வரிகள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவர்கள் கடைசியாகக் குடியிருந்த காணைக்கும் நான் இப்போது வேலை பார்க்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எத்தனை தூரம்! ஒரு சைக்கிளில் யாராவது வந்து சொல்லியிருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பேனே என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகள் முன்னால் அழுதேன். நான் அழுது அவர்கள் பார்த்ததில்லை.

அவருடன் வேலை பார்த்த ஆசிரிய நண்பர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் ஒரு விஷயத்தைப் பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒலக்கூர் ரயில் நிலையத்தில் இறங்கி வரப்போடு அரைமணி நேரம் நடந்தால் வரும் ஒரு சிற்றூரின் ஜில்லா போர்டு பள்ளியில் அப்போது நான் தலைமையாசிரியர். ஊரின் பெயரை எழுதவில்லை, சம்பந்தப்பட்ட வீட்டார் இன்னும் அங்கே நன்றாக இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. இரண்டு ஆசிரியர்கள். அந்த இரண்டாவது ஆசிரியராக ஐம்பதுகளின் நடுவில் தனபாக்கியம் வந்து சேர்ந்தார். விழுப்புரத்தில் கணவருக்கு ரயில்வே வேலை. காலை பாசஞ்சரில் வந்து மாலை பாசஞ்சரில் போவார். உயரம் குறைவு, குரல் பெரிது, சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நான் விதிப்படி நடக்கிறவன். எழுத்து மூலம் இல்லாத எதையும் நம்பாதவன். எங்களுக்குள் ஒத்துப்போகாது என்று முதல் வாரமே முடிவு கட்டிவிட்டேன்.

அந்தக் காலத்தில் பள்ளிகளில் ஆண்டு விழா, பெற்றோர் தினம், கைவேலைக் கண்காட்சி என்று வரிசையாக நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊருக்கு அதில் ஒரு பெரிய காரியம் அடங்கியிருந்தது. ஆறாம் வகுப்பு வேண்டும் என்று விண்ணப்பம் போட்டிருந்தோம். பையன்கள் எப்படியோ திண்டிவனத்துக்குப் போய்ப் படித்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளை அத்தனை தூரம் யாரும் அனுப்ப மாட்டார்கள். ஐந்து முடித்த மறுநாள் அவர்கள் ஆடு ஓட்டப் போவார்கள், அல்லது கடலை பிடுங்க மல்லாட்டைக் காட்டுக்குப் போவார்கள். பெற்றோர் தினத்துக்கு வந்து ஊரின் அக்கறையைப் பார்த்துவிட்டுச் சிபாரிசு செய்கிறேன் என்று டெபுடி இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

விழாவுக்கு நான் என் கையாலேயே அழகான எழுத்தில் அறிவிப்பு எழுதி மூன்று இடங்களில் ஒட்டினேன். பள்ளிச் சுவரில் ஒன்று, டீக்கடையில் ஒன்று, பஸ் நிற்கும் புளியமரத்தில் ஒன்று. நிகழ்ச்சி நிரல், நேரம், தலைமை தாங்குபவர் எல்லாம் முறைப்படி இருந்தன. அன்று பிற்பகல் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எருமையைத் தேடிக்கொண்டு வந்த ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்தார். எருமை இங்கே இல்லை என்றதும் போய்விட்டார். பிள்ளைகள் பாடினார்கள், பிள்ளைகளே கை தட்டினார்கள். பெற்றோருக்கென்று அவித்து வைத்திருந்த மல்லாட்டையையும் அவர்களே இரண்டு தரம் வாங்கித் தின்றார்கள். இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கே வேணாம்னா ஆறாவது எதுக்கு சார்?" என்று கேட்டார். கெஞ்சிக் கூத்தாடியதில், பொங்கல் கழித்து இன்னொரு தடவை வருகிறேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஊர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். "படிப்பு வாசனையே இல்லாத ஜனங்க" என்று கத்தினேன். டீச்சர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"நம்ம எங்க சார் கூப்ட்டோம்?"

"மூணு இடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கேனே!"

"நோட்டீசு ஒட்டினா டூரிங் டாக்கீஸு சார். புடிச்சா வருவாங்க, புடிக்கலன்னா படுத்துக்குவாங்க. வெத்தல பாக்கு எடுத்துக்கினு வூட்டுக்குப் போயி, வாங்கன்னு கூப்ட்டாத்தான் விசேஷம். கூப்பிடாத வூட்டுக்கு நீங்க போவீங்களா?"

போக மாட்டேன். சொந்தத் தங்கை வீட்டு வளைகாப்புக்கே, நேரில் வந்து அழைக்கவில்லை என்று போகாமல் இருந்த ஆள் நான்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் திண்டிவனம் சந்தையில் வாங்கிய வெற்றிலைக் கவுளிகளோடு ரயிலிலிருந்து இறங்கினார். தாம்பாளம், பாக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். நான் வழக்கப்படி பெரிய தெருவில் மணியக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அந்த ஊரில் எதுவும் அந்த வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும். டீச்சர் எதிர்ப்பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க?"

"கடைசி வூட்டுக்கு. மொதல் வூட்லருந்து ஆரம்பிச்சா, கடைசி வூடு வர்றப்ப வெத்தல தீந்துபூடும் சார். தீந்துபோச்சின்னு சொல்லிட்டு நம்மளும் ஜல்தியா திரும்பிடுவோம். எத்தினி வூட்ல பாத்திருக்கேன்."

கடைசி வீடு சேரியின் தெற்கு ஓரத்தில் இருந்தது. குப்பம்மாளின் வீடு. அவள் மகள் ராசாத்தி அந்த வருஷம் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். என் சர்வீசில் அவளைப் போல் கணக்குப் போட்ட பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. டீச்சர் வாசலில் நின்று, "வாங்க குப்பம்மா" என்று அழைத்தார். அவளுக்கு அந்த 'ங்க' பிடிபடவில்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். வெற்றிலையை நீட்டியதும் முந்தானையை விரித்தாள். "கையில வாங்குங்க" என்றார் டீச்சர். அவள் வாங்கவில்லை. டீச்சர் அவள் கையைப் பிடித்து, விரலைப் பிரித்து, உள்ளங்கையில் வெற்றிலை பாக்கை வைத்தார். நெற்றியில் குங்குமமும் இட்டார்.

குப்பம்மாள் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "வந்தா நாங்க எங்கம்மா குந்தறது?"

"மொதல்ல வர்றவங்க முன்னால குந்துங்க. பின்னால வர்றவங்க பின்னால. ஸ்கூல்ல புள்ளைங்க அப்படித்தான் குந்துதுங்க."

அது அப்படி ஒன்றும் நடைமுறையில் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை நான் கண்டும் காணாமல் இருந்தவன். அவர் என்னைப் பார்க்காமலே அதைச் சொன்னார். மறுநாளிலிருந்து என் வகுப்பிலும் வந்த வரிசையில்தான் உட்கார வைத்தேன்.

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி மணியக்காரர் வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். எங்களுக்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருந்தது. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அங்க வெச்சது போக மிச்சத்தைத்தான் எங்களுக்குக் கொண்டாந்தீங்களா?" என்றார். நான் டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் ஒரு வார்த்தை எழுதினால் என்னை வேறு தாலுக்காவுக்குத் தூக்கிவிடுவார்கள்.

டீச்சர் தாம்பாளத்தை இறக்காமல் சொன்னார். "மிச்சம் இல்லீங்க, இது உங்களுக்குன்னே தனியா கட்டி வெச்ச கவுளி. ஸ்கூலுக்கு எடம் கொடுத்தது உங்க அப்பா. உங்க வூட்ட நான் எப்படிங்க மறப்பேன்? அவங்கள இதுவரைக்கும் ஒருத்தரும் கூப்ட்டதில்ல. அதனால மொதல்ல போயிட்டு வந்தேன்."

அவர் வாங்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "வாசலுக்கு வந்த வெத்தலயையும் குங்குமத்தையும் வேணாம்னு சொல்லக் கூடாது, குடுங்க டீச்சரம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் புலம்பினேன். "ஒரே பேஜாராப் போச்சு, எனக்கு மாற்றல்தான்" என்றேன். "மாத்தினா விழுப்புரத்துக்கு மாத்தச் சொல்லுங்க சார், எங்க வூட்டுச் சாப்பாடு கெடைக்கும்" என்று அவர் சிரித்தார். வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

விழா நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் நேரத்துக்கு வந்துவிட்டார். முதலில் வந்தவர்கள் குப்பம்மாளும் சேரிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும்தான். எண்ணெய் தடவித் தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, வேலி ஓரமாக நின்றார்கள். டீச்சர் போய் குப்பம்மாளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து முன் பாயில் உட்கார வைத்தார். மற்றவர்களும் வந்து ஒடுங்கி உட்கார்ந்தார்கள். பிறகு பெரிய தெரு ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், அப்படியே நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை, ஒருவரும் போகவும் இல்லை. கடவுள் வாழ்த்துப் பாட வந்த பிள்ளைகள் ஆரம்பிக்கலாமா என்று என்னைப் பார்க்கிறார்கள். நான் டீச்சரைப் பார்க்கிறேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மணியக்காரர் மனைவி தன் பேத்தியை நடத்திக்கொண்டு உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். குப்பம்மாள் இருந்த பாயிலேயே, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். அந்த ஒரு முழத்தை நான் மறைக்க விரும்பவில்லை, இருந்தது இருந்ததுதான். ஆனால் அவர் உட்கார்ந்ததும் நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மணியக்காரர் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்று முழு நிகழ்ச்சியையும் பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள்.

பாட்டு, கும்மி, ராசாத்தியின் மனக்கணக்கு எல்லாம் முடிந்தபின் இன்ஸ்பெக்டர் எழுந்து, "ஆறாவது யாருக்கு வேணும்? சொல்லுங்க" என்றார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்பம்மாள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எம் பொண்ணுக்கு வேணுங்க சாமி. அது படிக்கணுங்க" என்றாள். மணியக்காரர் மனைவி உட்கார்ந்தபடியே, "எங்க பேத்திக்கும் வேணும், எழுதிக்குங்க" என்றார். அப்புறம் நாலா பக்கத்திலிருந்தும் பெயர்கள் வந்தன. இன்ஸ்பெக்டருக்கு எழுதித் தீரவில்லை.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு திறந்தது. இப்போது அங்கே எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. ராசாத்தி எட்டு முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, இந்த வருஷம் திண்டிவனம் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். டீச்சரின் காரியத்தன்று காணையில் அவளைப் பார்த்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு, அந்த வீட்டுப் பெண்ணாகவே நின்றாள். குப்பம்மாள் ஒரு மூலையில் உட்கார்ந்து, "என் கையில குடுத்தாங்களே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இதுதான். அந்த விழாவுக்குப் பிறகு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 'தலைமையாசிரியரின் இடைவிடாத முயற்சியால் பெற்றோர் திரளாக வந்தனர்' என்று எழுதினேன். தலைமையாசிரியர் நான்தான். அவர் பெயரை எங்கும் எழுதவில்லை. அனுப்புவதற்கு முன் அவர் அதை வாங்கிப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்குது சார்" என்று சிரித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அந்த அறிக்கைக்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த வாரம் அவர் என் மேசையில் மல்லிகைப் பூ வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அதைத்தான். நேற்று அதை எடுத்து, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'உதவி ஆசிரியை தனபாக்கியம் வீடு வீடாகப் போய் அழைத்தார். தலைமையாசிரியர் பயந்துகொண்டே கூடப் போனார். ஊர் வந்தது.'