பஸ்லாவும் பஞ்சுச் சர்க்கரையும்

வெள்ளவத்தை பஸ்லாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருகொடவத்தையில் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் நடக்கும் பாதிச் சண்டை அவளால்தான். பஞ்சு எந்த இனம் என்று அதன் சர்க்கரையை வைத்தே சொல்லிவிடலாம் என்று அவள் அடித்துச் சொன்னபோது நானும் சிரித்தேன்.

"சிரிக்காத நிலூஷா. இழைச் சுவர் கிட்டத்தட்ட எல்லாம் செல்லுலோஸ்தான். ஆனா வேற சர்க்கரையும் கொஞ்சம் ஈக்கிது. அது இனத்துக்கு இனம் மாறும். அசிட்ல அவிச்சி உடைச்சா நம்மட லேப்ல ஈக்கிற சர்க்கரை மெஷின் அளந்து காட்டும்."

மனேஜர் முர்ஷித் சேர் கொட்டாஞ்சேனை நூல் வியாபாரி காசிவிஸ்வநாதனிடம் இனப்பெயர் எழுதாத மூன்று நூல் பொட்டலங்கள் வாங்கி வந்தார். "மூணையும் சரியாச் சொன்னா மெஷின் உங்களுக்கு. பிழையாச் சொன்னா பூச்சிமருந்து செக் பண்ற ஆக்களுக்குக் குடுத்திருவன்."

பஸ்லா இரண்டைச் சட்டென்று சொல்லிவிட்டாள். மூன்றாவதில் சைலோஸ் என்ற சர்க்கரை எக்கச்சக்கம். எந்தப் பஞ்சிலும் அவ்வளவு வராது.

"மெஷின் பிழையாக் காட்டுது," என்றார் சேர்.

"இல்ல சேர். பஞ்சுல வராதெண்டா, இது பஞ்சுல இருந்து வரல்ல."

அவள் மிச்சமிருந்த நூலை விரலால் உரசிப் பார்த்தாள், மொடமொடவென்றிருந்தது. உடனே என்னை இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது வியாபாரியின் மனைவி கண்ணாத்தாள். கேட்டதும் பெருமையாகத் தலையாட்டினார்.

"ஆமா, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டேன். ஆபீசுக்குப் போற நூல் தொளதொளன்னு போகலாமா? எங்க வீட்டுல அப்படி அனுப்புற வழக்கமே இல்லைம்மா. மத்த ரெண்டுக்கும் போடக் கஞ்சிதான் பத்தலை."

பஸ்லா கோபப்படுவாள் என்று பயந்தேன். அவளோ சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். புளியங்கொட்டையில் சைலோஸ் கொட்டிக் கிடக்கிறதாம். அதே நூலில் கஞ்சி படாத நூல்கண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் அதை அவித்து அளந்தாள். "நீள இழைப் பஞ்சு. இந்தியச் சரக்கு," என்றாள். முர்ஷித் சேர் வியாபாரிக்கு போன் எடுத்துக் கேட்டார். பிறகு போனை மெதுவாக வைத்தார்.

"சரி, மெஷின் இங்கயே ஈக்கட்டும். ரெண்டாந்தரமாவது சரியாச் சொல்லிச்சே."

"முதல் தரமும் சரியாத்தான் சொன்னது சேர்," என்றாள் பஸ்லா. "நாமதான் கஞ்சியப் பத்திக் கேக்கல்ல."