மேட்டில் முன்னால் போனவர்

ஆளை டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைப் பார்ப்பது என் வேலை. இறங்கியதும் என்னைத் திட்டுவது ஓடியவர் வேலை. மார்பெல்லாம் ஒயரோடு மூச்சிரைத்தவர்களுக்கு இது புரியும்.

சுவரைப் பார்த்து நடந்தவர்

காமயகவுண்டன்பட்டித் திராட்சை விவசாயி ஒருவர் தேனிக்கு வந்தார். தோட்டத்து மேடு ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறதாம். குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார்.

மெஷின் மேடாக ஆக, அவர் எதிரேயிருந்த வெறும் சுவரையே பார்த்து நடந்தார். அண்ணன் முன்னால் போகிறார், எட்டிப் பிடிக்க முடியவில்லை, கொஞ்சம் மெதுவாக விடு என்றார். துணைக்கு வந்த அண்ணனைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, ஓட்டம் முடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தேன். அவர் மனைவி மட்டும்தான் இருந்தார். அண்ணன் எங்கே என்று கேட்டேன்.

"அவுக போன வருசமே போய்ச் சேந்துட்டாகளே."

ரெண்டு முடிவு

எனக்கு உடம்பு சில்லிட்டது. பழியை ஏசி மேல் போட்டேன்.

டிரெட்மில் கிராஃப் சுத்தமாக இருந்தது. ஓடிய கையோடு எடுத்த எக்கோவில் இதயத்தின் ஒரு ஓரம் சரியாகச் சுருங்கவில்லை. ஒன்று வீட்டுக்குப் போ என்றது, இன்னொன்று போகாதே என்றது. எதை நம்புவது என்று டாக்டர் யோசித்தார். மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாமா என்றுகூடப் பார்த்தார். அதற்குமுன், நான் சொல்லியிருந்த அந்த அண்ணனுக்கு என்ன நெஞ்சுவலியா என்று மனைவியிடம் கேட்டார். மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நெஞ்சுவலியெல்லாம் இல்ல டாக்டர். தோட்டத்து மேட்டுல முனி அடிச்சிருச்சு. எங்க மாமனாரும் அங்கனதான் விழுந்தாக."

மறுபடியும் மேடு

அப்பாவும் அண்ணனும் ஒரே மேட்டில் விழுந்ததைக் கேட்டதும் டாக்டர் அன்றே ஆஞ்சியோவுக்கு மதுரைக்கு அனுப்பினார். முக்கியமான ரத்தக்குழாயிலேயே பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். நெஞ்சுப் பிடிப்பு இல்லை, மேட்டிலும் நன்றாகவே நடந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. இன்றைக்கும் அண்ணன் முன்னால் போகிறாரா என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் சிரித்தார்.

"இல்ல தாயி, தாண்டிட்டேன். இப்பப் பின்னால வாறாக. மூச்சு எரைக்கிறது கேக்குதுல்ல?"

இப்போதெல்லாம் இதயக் கோளாறோடு முனி அடித்ததையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன், ஆனால் ஒரே பெல்ட்டில் ரெண்டு பேர் ஓடினால் ரிப்போர்ட்டை யார் பேருக்குப் போடுவது என்று மட்டும் டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.