மலை எந்தப் பக்கம் சரிகிறது?

போன வருஷம், குற்றாலத்தில் சாரல் நன்றாகக் கட்டியிருந்த ஆனி மாதத்தில் நடந்தது இது. தென்காசிப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சிக்கு நான் தலைவி. எங்கள் ஊருக்குச் செய்தி சேகரிக்க வருகிற நிருபர் ஒருவர் உண்டு. அவர் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருவிளக்கு எரியாவிட்டால் எழுதுவார், குழாயில் தண்ணீர் வராவிட்டால் எழுதுவார். ஒருமுறை, 'ஊரே இருட்டு, தலைவி தெருவில் மட்டும் வெளிச்சம்' என்று தலைப்புப் போட்டு என் மானத்தை வாங்கினார். எதிர்க்கட்சிக்காரனைக்கூட மன்னித்துவிடுவேன், இந்த மனிதரை மாட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அன்று காலை எழுந்தபோதே என் போன் அலறிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் முழுக்க ஒரே வீடியோ. ஒரு லாரி ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டுகிறது. கையுறை, ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, பார்க்கவே குமட்டியது. கேரளாவில் இருந்து புளியறை எல்லைச் சாவடி வழியாக வந்த கழிவு என்றும், கொட்டுகிற இடம் என் கணவரின் வயல் என்றும், பணம் வாங்கிக்கொண்டு நான்தான் அனுமதித்தேன் என்றும் கீழே எழுதியிருந்தார்கள். யூடியூப்காரர்கள் என் படத்தையும் சேர்த்து ஓட்டிவிட்டார்கள். பால்காரர்கூட என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் கட்சியின் மாவட்டப் பெரியவர் போன் செய்தார். சாயங்காலம் குற்றாலத்தில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டிருப்பதாகவும், என்னைக் கட்சியை விட்டு நீக்குவதாக அறிவிக்கப் போவதாகவும் சொன்னார். "அண்ணாச்சி, சத்தியமா அது எங்க வயலே இல்ல" என்று கதறினேன். "ஊர் பூரா பாத்தாச்சும்மா, இனி நான் என்ன செய்ய?" என்று வைத்துவிட்டார். பதவி போனால் போகட்டும். பள்ளிக்கூடம் போகிற என் பெண்ணை இனி எல்லாரும் எப்படிப் பார்ப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து வயலுக்குப் போயிருந்த என் கணவர் போனில் கூப்பிட்டார். "ஏட்டி, அந்த ரிப்போர்ட்டர் நம்ம வரப்புல நின்னு மலையவே பாத்துக்கிட்டு நிக்காரு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அங்கே அவர் சாரலில் தொப்பலாக நனைந்துகொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, இப்ப சந்தோசமா? எம் பொணத்தையும் ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க" என்று கத்தினேன்.

"தலைவரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மலை மறையுது" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு திட்டியும் மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் நாலு படம் எடுத்தார், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு புளியறைப் பக்கம் போய்விட்டார். இன்று என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

சாயங்காலம் குற்றாலத்தில் ஒரு விடுதியின் கூடத்தில் கூட்டம். நிருபர்களுக்கு டீயும் வடையும் போனது. எங்கள் ஆட்கள் அவர்களிடம் குனிந்து, யார் என்ன கேட்க வேண்டும் என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பேட்டியிலும் நடக்கிறதுதான், நானே செய்திருக்கிறேன். அன்று நான் கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பெரியவர் பேச ஆரம்பித்து என் பெயருக்கு வந்ததும், காலையில் எங்கள் வரப்பில் நின்ற அந்த நிருபர் எழுந்தார்.

"அந்த இடத்துக்கு நேர்ல போனது யாரு அண்ணாச்சி?"

"எல்லாம் விசாரிச்சாச்சு."

"சரி, போனது யாரு?"

பெரியவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். நிருபர் தன் போனை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கே போனார். "இது வீடியோ. லாரிக்குப் பின்னால மலை வலது பக்கமா சரியுது. இது காலையில அவங்க வயல்ல நின்னு நான் எடுத்தது. எங்கன நின்னு பாத்தாலும் இடது பக்கம்தான் சரியுது. வீடியோ மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல எடுத்தது. புளியறையில லாரிக்காரங்ககிட்ட காட்டினேன். பாத்ததும் இடத்தைச் சொல்லிட்டாங்க, அங்க உள்ள ஒரு பழைய கல்குவாரி."

தினமும் விழித்ததும் நாங்கள் எல்லாரும் பார்க்கிற மலை அது! ஒருத்தருக்கும், ஏன், எனக்கேகூட அது தோன்றவில்லை.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்த கூட்டத்துக்கு உம்மைக் கூப்பிடணுமான்னு யோசிக்கணும் வேய்" என்றார். நிருபர் பிழைப்பில் இது சாதாரண மிரட்டல் இல்லை. கட்சிக் கதவு சாத்திவிட்டால் செய்தி எங்கிருந்து வரும்?

"கூப்பிடாட்டாலும் வருவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீக்கம் பற்றிய பேச்சு அத்தோடு நின்றது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்ததும் அருவிக்குப் போகிற வழியில் ஒரு பை மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். கும்பிட்டு நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"பிள்ளைக்குக் கொண்டு போங்கம்மா. உங்களுக்காக ஒண்ணும் செய்யல. பொய்ன்னு தெரிஞ்சா எழுத முடியாது, அவ்வளவுதான்."

அந்த இடத்திலேயே காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பேப்பரைப் பிரித்தேன். 'பேரூராட்சித் தலைவி மீது பொய்ப் பழி' என்று விவரமாக வந்திருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்கு நேர் கீழே இன்னொரு படம். எங்கள் வயலுக்குப் போகிற வழியில், குளத்தங்கரையில், எங்கள் பேரூராட்சியே குப்பையைக் கொட்டி எரிக்கிற படம். 'கண்டுகொள்ளாத தலைவி' என்று தலைப்பு.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் அது நிஜம். வயலுக்கு வந்த வழியில் அதையும் பார்த்திருக்கிறார், பார்த்ததை எழுதியிருக்கிறார். நேற்று அழுத பெண்ணாயிற்றே என்று ஒரு நாள்கூடத் தள்ளிப் போடவில்லை! அன்று மத்தியானமே டிராக்டர் வரவழைத்து, நானே கூட நின்று குப்பையை அள்ளவைத்தேன்.

இப்போதும் அவர் என்னை மாதம் ஒருமுறையாவது வாங்கு வாங்கு என்று வாங்குகிறார். எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் என்னைப் புகழ்ந்து எங்காவது செய்தி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை எழுதியது அவரா என்று கேட்டுக்கொண்ட பிறகே நான் சந்தோஷப்படுகிறேன்.